டீச்சரிடம் கேளுங்கள்: வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே

வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையே தாங்கள் படும் சிரமங்களை எழுதும்படி எல்லைப்புற ஆசிரியைகளைச் சென்ற இதழில் கேட்டிருந்தோம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர், மூணாறு, கம்பம் என்று கேரளத்தின் விளிம்பிலிருந்தும் அதை ஒட்டிய தமிழகப் பகுதிகளிலிருந்தும் கடிதங்கள் வந்தன. பலருக்கும் பொதுவான சில கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயரும் பள்ளியின் பெயரும் விடப்பட்டுள்ளன. நாட்டின் பள்ளி ஆசிரியர்களில் 54.2 விழுக்காட்டினர் பெண்கள் என்று மத்திய அரசின் பள்ளிக் கணக்கெடுப்பான யுடைஸ் பிளஸின் 2024-25 கல்வியாண்டுப் புள்ளிவிவரம் சொல்கிறது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் தினமும் படும் பாட்டை, வீட்டு விவகாரம் என்று பள்ளியும் பள்ளி விவகாரம் என்று வீடும் தள்ளிவிடுவது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

மதிப்பிற்குரிய டீச்சர், நான் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழி அரசு யு.பி. (உயர் தொடக்க) பள்ளியில் பணிபுரிகிறேன். வீடு எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழகத்தில். கணவருக்குக் கோவையில் தனியார் நிறுவன வேலை. மகள் எட்டாவதும் மகன் மூன்றாவதும் பொள்ளாச்சிப் பக்கம் படிக்கிறார்கள். காலை நாலரைக்கு எழுந்தால் இரவு பத்தரைக்குத்தான் படுக்கிறேன். பள்ளியில் மதிய உணவுப் பொறுப்பும் என்னிடமே. நோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து திருத்துகிறேன். "வாத்தியார் வேலைதானே, பாதி வருசம் லீவு" என்கிறார் அத்தை. சோர்வில் மகனை அதட்டிவிட்டு, அவன் தூங்கிய பிறகு அழுகிறேன். நான் நல்ல அம்மாவா, நல்ல டீச்சரா என்றே தெரியவில்லை.
— ஒரு வாசகி, வேலந்தாவளம் அருகே

உங்கள் கடைசி வரியை முதலில் ஒதுக்கி வைத்துவிடுவோம். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அன்புக்கோ திறமைக்கோ அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. நேரம்தான் போதவில்லை, கைகொடுக்க ஆளும் இல்லை. இந்தப் பற்றாக்குறையை உங்கள் மனத்தின் குறையாக நீங்களே எடுத்துக்கொண்டதுதான் அழுகையாக வருகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு "மனசைத் திடப்படுத்திக்கொள், நேரத்தைத் திட்டமிடு, காலையில் இன்னும் அரைமணி முன்னதாக எழு" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. நாலரைக்கு எழுகிறவரை நாலுக்கு எழச் சொல்வதை நான் ஆலோசனையாகக் கருதவில்லை. வேலை இடம் மாற வேண்டும். உங்கள் கையிலிருந்து வேறு கைகளுக்குப் போக வேண்டும். அதற்கு வழி என்ன என்பதைப் பார்ப்போம்.

மத்திய அரசு 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்களும், அதே வேலையில் ஈடுபடும் ஆண் 88 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் கவனிக்கும் நேரம் இதில் சேராது. அது தனிக் கணக்கு. ஏறத்தாழ ஐந்து மணி நேர வீட்டு வேலையைப் பள்ளி நேரத்தோடும் பேருந்து நேரத்தோடும் கூட்டிப் பாருங்கள். உங்கள் பதினெட்டு மணி நேர நாள் எங்கே போகிறது என்பது தெரியும். ஆகவே ஒரு வாரத்துக்கு, வீட்டில் யார் எந்த வேலையை எத்தனை மணிக்குச் செய்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். மாவு ஊறவைத்தது, சிலிண்டர் பதிவு செய்தது, மகளின் வேன் கட்டணம் கட்டியது, அத்தையின் ரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்கியது என்று எதையும் விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, கோபமில்லாத நேரத்தில், அத்தையும் இருக்கும்போதே அந்தத் தாளை வைத்துப் பேசுங்கள். வாய்ப்பேச்சில் "நான்தான் எல்லாம் செய்கிறேன்" என்பது சண்டையாகத்தான் முடியும். எழுதிய தாளை எல்லாரும் ஒன்றாகப் படிக்கலாம்.

பாதி வருட விடுமுறை என்ற பேச்சுக்கும் பதில் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள்களையும் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 220 நாள்களையும் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. ஆசிரியரின் வாராந்தர வேலை, பாடத் தயாரிப்பையும் சேர்த்து, குறைந்தது 45 மணி நேரம் என்றும் அதே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. ஆக, நீங்கள் வீட்டில் உட்கார்ந்து பாடம் தயாரிக்கும் நேரமும் சட்டத்தின் கண்ணில் வேலை நேரமே. ஏப்ரல், மே மாதங்களிலும் பயிற்சி வகுப்பு, தேர்வுத்தாள் திருத்தம் என்று கூப்பிடுவார்கள் என்பதை அத்தை நேரில் பார்த்திருப்பாரே.

வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது துண்டு துண்டாகக் கொடுக்காதீர்கள். "கொஞ்சம் வெங்காயம் நறுக்கிக் கொடுங்கள்" என்று கேட்டால் நறுக்குவது மட்டும்தான் அவருடையது. நினைவில் வைப்பது, சொல்வது, சரிபார்ப்பது எல்லாம் உங்கள் தலையிலேயே இருக்கும், அந்தப் பாரத்தைக் கடிகாரம் காட்டாது. மாறாக, காலைச் சிற்றுண்டியும் பிள்ளைகளின் டிபன் டப்பாவும் கணவருடையது என்றால், முந்தைய இரவு மாவு இருக்கிறதா என்று பார்ப்பதிலிருந்து மாலையில் டப்பா கழுவி வைப்பது வரை அவருடையதாக இருக்க வேண்டும். முதல் மாதம் உப்புமாவில் உப்பு கூடும், மகன் டப்பாவை மிச்சம் வைத்துக்கொண்டு வருவான். நீங்கள் குறுக்கே போகாமல் இருப்பதுதான் இதில் கடினமான பகுதி. எட்டாவது படிக்கும் மகள் தன் சீருடையைத் தானே துவைத்துத் தேய்த்துக்கொள்ளலாம், மூன்றாவது படிக்கும் மகனும் தட்டைக் கழுவி வைக்கலாம். மகளுக்கு மட்டும் வீட்டு வேலையைப் பழக்கிவிடாதீர்கள். பாத்திரம் கழுவ ஓர் ஆள் வைத்துக்கொள்வதும் கடையில் மாவு வாங்குவதும் உங்கள் சம்பளத்தில் நியாயமான செலவு. ஆசிரியைகள் பலர் வீட்டுக் கடனுக்கும் நாத்தனார் சீருக்கும் தாராளமாகத் தருகிறார்கள், தங்கள் முதுகுக்கு மட்டும் தர யோசிக்கிறார்கள்.

அத்தையை எதிர்த்தரப்பாக நினைக்க வேண்டாம். யாரும் கைகொடுக்காமல் அவர் தம் பிள்ளைகளை வளர்த்தவர். உங்களுக்கு மட்டும் ஏன் எல்லாரும் உதவ வேண்டும் என்ற கேள்வி அவருக்குள் இருப்பது இயற்கை. அவருக்கு அடுப்படி வேலையைக் கூட்டாமல், மாலையில் பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்கும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். எழுத்து தெரியாத பாட்டிகூடப் பேரன் திக்குகிற இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

இனி பள்ளி. நோட்டுகளை வீட்டுக்குச் சுமப்பதை நிறுத்த முடியும். என்னோடு பணிபுரிந்த தமிழாசிரியை ஒருவர் நாற்பது கட்டுரை நோட்டுகளையும் ஒரே நாளில் வாங்கமாட்டார். தினமும் எட்டுப் பேர். மற்ற பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த எட்டுப் பேரையும் ஒவ்வொருவராக மேசைக்கு அழைத்து, பக்கத்தில் நிற்கவைத்து, இந்த வாரம் ஒற்றுப்பிழை மட்டும், அடுத்த வாரம் வாக்கிய அமைப்பு மட்டும் என்று திருத்துவார். பிள்ளை தன் தவற்றைத் தன் கண்ணெதிரே பார்த்தது. சிவப்பு மையால் பக்கம் முழுக்க நிரப்பி மூன்று நாள் கழித்துத் திருப்பிக் கொடுப்பதைவிட அது நன்றாகவே பயன்பட்டது. அவர் கைப்பையில் வீட்டுக்குப் போனது சாப்பாட்டு டப்பா மட்டும்தான்.

மதிய உணவுப் பொறுப்பு ஆண்டுக் கணக்கில் ஒருவரிடமே இருப்பது முறையில்லை. பள்ளி ஆசிரியர்கள் கூடும் எஸ்.ஆர்.ஜி. கூட்டத்தில் சுழற்சி முறையைக் கேளுங்கள், தீர்மானத்தைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். "நீங்கள்தான் டீச்சர் பொறுப்பாகச் செய்வீர்கள்" என்று பாராட்டியே வேலையை ஏற்றிவிடும் வழக்கம் பள்ளிகளில் உண்டு. அந்தப் பாராட்டுக்கு நன்றி சொல்லிவிட்டு, அடுத்த பருவத்துக்கு யார் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

எல்லையில் இருப்பவர்களுக்கு மட்டும் உள்ள இன்னொரு சிக்கல், இரண்டு மாநில நாள்காட்டி. உங்களுக்கு ஓண விடுமுறை பத்து நாள் வரும்போது பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருக்கும். அவர்களின் காலாண்டு விடுமுறையில் உங்களுக்கு வகுப்பு. பொங்கலுக்குப் பாலக்காடு உட்பட ஆறு மாவட்டங்களுக்குக் கேரள அரசு உள்ளூர் விடுமுறை விடுகிறது. ஆனால் அது ஒரு நாள்தான், மாட்டுப் பொங்கலன்று நீங்கள் பள்ளியில் இருப்பீர்கள். ஜூன் தொடக்கத்திலேயே இரண்டு நாள்காட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிள்ளைகளுக்கு விடுமுறையும் உங்களுக்கு வேலையுமாக வரும் நாள்களைக் கணவருடைய விடுப்புக்கும் உங்கள் தற்செயல் விடுப்புக்கும் பங்கிட்டு வைத்துவிடுங்கள். மகனுக்குக் காய்ச்சல் வந்தால் லீவு போடுவது எப்போதும் அம்மாதான் என்ற ஏற்பாட்டையும் அப்போதே மாற்றிக்கொள்ளலாம்.

அதட்டல் பற்றி ஒன்று. பேருந்திலிருந்து இறங்கி வந்ததும் வீட்டுப்பாடத்தில் உட்காராதீர்கள். அரைமணி நேரம் கழியட்டும். அதட்டிவிட்ட நாளில், "அம்மா களைப்பில் கத்திவிட்டேன், உன்மேல் தப்பில்லை" என்று அவன் தூங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது நன்றாகப் புரியும். அழுகையும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

என் மனைவி உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. வீட்டிலும் டீச்சராகவே இருக்கிறார். என்னிடமும் பிள்ளைகளிடமும் கட்டளைக் குரல்தான். இரவு பத்து மணிவரை வாட்ஸ்அப் குழுவில் பெற்றோருக்குப் பதில். சொன்னால் சண்டை வருகிறது. நான் என்ன செய்வது?
— ஒரு கணவர், சித்தூர்

கேட்டதற்காகவே உங்களைப் பாராட்டுகிறேன். இந்தப் பகுதிக்குக் கணவர்கள் எழுதுவது அரிது. ஜெஃப்ரி கிரீன்ஹாஸ், நிக்கோலஸ் பியூட்டெல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான முரண்பாட்டை 1985-இல் மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஒன்றுக்குக் கொடுத்த நேரம் மற்றொன்றுக்கு இல்லாமல் போவது முதல் வகை. ஓரிடத்தில் ஏற்பட்ட சோர்வும் பதற்றமும் மற்ற இடத்துக்கு வந்து சேர்வது இரண்டாவது. ஓரிடத்தில் தேவைப்படும் நடத்தை மற்ற இடத்தில் பொருந்தாமல் போவது மூன்றாவது. நீங்கள் சொல்வது இந்த மூன்றாவது வகை. அதற்குள் இரண்டாவதும் கலந்திருக்கிறது.

காலையிலிருந்து மாலைவரை நாற்பது பிள்ளைகளை ஒரே குரலால் உட்காரவைத்தவருக்கு, வீட்டு வாசலைத் தாண்டியதும் அந்தக் குரல் தானாக இறங்கிவிடாது. தொண்டை வறண்டு, கால் கடுத்து வந்தவரிடம் "ஏன் கத்துகிறாய்" என்று கேட்டால் இன்னும் உரக்கத்தான் பதில் வரும். பெண் கட்டளையிட்டால் நமக்குச் சட்டென்று காதில் உறுத்துகிறது என்பதையும் நீங்கள் நேர்மையாக யோசித்துப் பார்க்க வேண்டும். பத்து முறை சொல்லியும் நடக்காத வேலையைப் பதினோராவது முறை சொல்லும்போது யாருடைய குரலும் கட்டளையாகத்தான் ஒலிக்கும். சொல்லாமலே நடக்கும் வேலைகள் வீட்டில் கூடினால் அந்தக் குரலுக்கு வேலை குறையும். அவர் வந்ததும் ஒரு குவளை வெந்நீரோ சுக்குக் காப்பியோ கொடுத்து, அரைமணி நேரம் யாரும் எதுவும் கேட்காமல் விடுங்கள். அந்த அரைமணியில் பிள்ளைகள் உங்கள் பொறுப்பு.

வாட்ஸ்அப் குழுவை அவர் தனியாக அடக்க முடியாது. மாலை ஏழு மணிக்குப் பிறகு அவசரச் செய்தி தவிர வேறு எதற்கும் பதில் கிடையாது என்று தலைமை ஆசிரியர் பெற்றோர்-ஆசிரியர் சங்க (பி.டி.ஏ.) கூட்டத்தில் அறிவித்தால் எல்லா ஆசிரியர்களுக்கும் பொருந்தும். ஒருவர் மட்டும் பதில் சொல்லாமல் விட்டால் "அந்த டீச்சர் சரியில்லை" என்று ஆகிவிடும். உங்கள் பிள்ளைகளின் வகுப்புக் குழுக்களில் உங்கள் எண் இருக்கிறதா, மனைவியின் எண்தான் இருக்கிறதா என்பதையும் இன்றே பாருங்கள். மனைவியின் எண் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

பாலக்காடு மாவட்டத்தில் ஒரு தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இப்போது ஐந்தாம் மாதம். மூன்று மாதம் சம்பளமில்லாத விடுப்பு தருவதாகவும், அதற்குமேல் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகவும் நிர்வாகம் சொல்கிறது. சட்டம் என்ன சொல்கிறது?
— ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

நிர்வாகம் சொல்வது சட்டத்துக்கு விரோதம். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு 26 வாரங்களாக உயர்ந்தது. தனியார் கல்வி நிறுவனங்களின் ஊழியர்களையும் இந்தச் சட்டத்தின் கீழ் கேரள அரசு 2020-இல் கொண்டுவந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே உரிமைகள் தொடர்கின்றன. பிரசவத் தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். நான்கு ஆண்டு வேலை பார்த்த உங்களுக்கு அதில் ஐயமே இல்லை. 26 வாரங்களில் எட்டு வாரம்வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். இந்த விடுப்பில் இருப்பவரை வேலையிலிருந்து நீக்குவது சட்டப்படி செல்லாது. திரும்பி வந்த பிறகு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, பாலூட்ட நாளொன்றுக்கு இரண்டு இடைவேளை உண்டு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதியும் வேண்டும்.

வாய்மொழியாகப் பேசிக்கொண்டிருக்காமல், பிரசவ எதிர்பார்ப்புத் தேதியையும் விடுப்பு தொடங்கும் தேதியையும் குறிப்பிட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள், மருத்துவச் சான்றை இணையுங்கள், ஒரு நகலைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சம்பளம் வங்கியில் வந்ததற்கான கணக்கு அறிக்கை, நியமனக் கடிதம், வருகைப் பதிவேட்டின் படம் ஆகியவற்றை இப்போதே சேர்த்து வையுங்கள். தகராறு வந்த பிறகு அவை கையில் கிடைக்காமல் போகலாம். மறுத்தால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். தனியார் பள்ளி ஆசிரியைகள் "வேலை போய்விடும்" என்று பயந்து கேட்காமலே விலகிவிடுவதால்தான், அடுத்து வருபவருக்கும் அதே மூன்று மாதக் கணக்கைச் சொல்கிறார்கள். அதே பள்ளியில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கேட்டால் பயம் குறையும்.

அரசுப் பள்ளி ஆசிரியைகளுக்கும் ஒரு செய்தி. மறுமணத்துக்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு மகப்பேறு விடுப்பு மறுக்கப்பட்ட தமிழக அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமைகளின் ஒரு பகுதி என்று கூறி அவருக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. இதே நிலையில் எழுதியிருந்த இரண்டு வாசகிகள் அந்தத் தீர்ப்பின் நகலை விண்ணப்பத்தோடு இணைக்கலாம்.

கேரள பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணைய) தேர்வில் தேறி, இடுக்கி மாவட்டத்தில் தமிழ்வழி எல்.பி. (தொடக்க) பள்ளி ஆசிரியையாக நியமனம் கிடைத்திருக்கிறது. குடும்பம் சித்தூர் பக்கம். மகளுக்கு நான்கு வயது. கணவருக்கு அங்கே விவசாயம், விட்டுவிட்டு வர முடியாது. "பிள்ளையைப் பிரிந்து என்ன சம்பாத்தியம்" என்று உறவினர்கள் வேலையை விடச் சொல்கிறார்கள்.
— ஒரு வாசகி, மூணாற்றிலிருந்து

வேலையை விடாதீர்கள். இதை அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழ்வழி ஆசிரியர் பணியிடங்கள் கேரளத்தில் பெரும்பாலும் பாலக்காட்டிலும் இடுக்கியிலும்தான் இருக்கின்றன. நியமனம் மாவட்ட அளவில் நடப்பதால் அடுத்த வாய்ப்பு எப்போது, எந்த மாவட்டத்தில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு இருந்துவிட்டன. அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் முதல் எழுத்தைச் சொல்லித்தரும் ஆசிரியை நீங்கள். ஆண்டு நடுவில் ஒருவர் விலகினால் அந்த வகுப்பு பல மாதங்கள் நிரந்தர ஆசிரியர் இல்லாமல் கிடக்கும்.

ஆனால் நான்கு வயது மகளைப் பிரிந்திருப்பது சின்ன விஷயம் இல்லை. ஆகவே மகளை உங்களோடு வைத்துக்கொள்ள முடியுமா என்பதை முதலில் பாருங்கள். உங்கள் பள்ளியிலேயே முன்தொடக்க வகுப்பு இருக்கிறதா, அருகில் அங்கன்வாடி இருக்கிறதா, பிற ஆசிரியைகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கும் வீடு ஏதேனும் உண்டா என்று விசாரியுங்கள். உங்கள் அம்மாவோ மாமியாரோ முதல் ஆறு மாதம் உடன் வந்து இருந்தால் பெரிய உதவி. கணவர் வாராவாரம் வருவதா, நீங்கள் போவதா என்பதில் ஒருவரே எப்போதும் பயணம் செய்யும்படி வைத்துக்கொள்ள வேண்டாம். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக வரும் அந்தப் பாதை பிள்ளையோடு பயணம் செய்பவரைக் களைக்கச் செய்துவிடும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிவு வேறு. விவசாயத்தில் நடவும் அறுவடையும் இல்லாத மாதங்களில் அவரே அங்கு வந்து தங்கட்டும்.

வருடாவருடம் பொது இடமாற்ற அறிவிப்பு வரும்போது தவறாமல் விண்ணப்பியுங்கள். மாவட்டம் மாறினால் பணிமூப்பு என்ன ஆகும் என்பதைச் சங்கத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே கையெழுத்திடுங்கள். உறவினர்களின் கேள்வியை, வெளிநாட்டில் வேலை செய்யும் அப்பாக்களிடம் யாரும் கேட்பதில்லை. பாலக்காட்டில் வளைகுடா நாட்டுக்குப் போய் வருடக்கணக்கில் பிள்ளை முகம் பார்க்காத தகப்பன்மார் எத்தனை பேர். அவர்களைக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர்கள் என்றுதானே சொல்கிறோம்?

தமிழக அரசு உதவிபெறும் பள்ளியில் 18 ஆண்டு சர்வீஸ். வயது 46. இப்போது டெட் (ஆசிரியர் தகுதி) தேர்வு எழுத வேண்டும் என்கிறார்கள். மாமியார் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வருகிறது. இந்த வயதில் இது சாத்தியமா?
— ஒரு வாசகி, கம்பம்

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். ஐந்தாண்டுக்குக் குறைவாக உள்ளவர்கள் பணியில் தொடரலாம். ஆனால் பதவி உயர்வு வேண்டுமானால் அவர்களும் தேற வேண்டும். தமிழக அரசு மறு ஆய்வு கேட்டிருக்கிறது என்றாலும் அதை நம்பிப் படிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். 2027 செப்டம்பர் தொலைவில் இல்லை.

பதினெட்டு ஆண்டு வகுப்பெடுத்தவரைத் தேர்வு எழுதச் சொல்வது மனத்தைப் புண்படுத்துகிறது என்று பலர் எழுதியிருந்தார்கள். அந்த வலி எனக்குப் புரிகிறது. அதிலும் வீட்டு வேலையையும் முதியோர் பராமரிப்பையும் சுமக்கும் பெண்களுக்கு இந்த இரண்டு ஆண்டு, ஆண் ஆசிரியர்களுக்கு உள்ள இரண்டு ஆண்டாக இருக்காது. ஆனாலும் தேர்வு உங்கள் கைக்கு எட்டாதது இல்லை. மொத்தம் 150 வினா. முதல் தாளில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று ஒவ்வொன்றுக்கும் முப்பது. தமிழும் நீங்கள் தினமும் நடத்தும் பாடங்களும் கையில் இருக்கின்றன. பெரும்பாலோர் சறுக்குவது குழந்தை உளவியலிலும் மறந்துபோன கணக்கிலும்தான். உங்கள் நேரத்தின் பெரும்பகுதியை அந்த இரண்டுக்குக் கொடுங்கள்.

வீட்டில் படிக்க முயலாதீர்கள். மாமியார் கூப்பிடுவார், குக்கர் கூப்பிடும். பள்ளி விட்டதும் இதே தேர்வை எழுத வேண்டிய சக ஆசிரியைகளோடு வகுப்பறையிலேயே ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஒருவர் கணக்கு, ஒருவர் ஆங்கிலம் என்று மாறி மாறிச் சொல்லிக்கொடுங்கள். கற்பிப்பதில் உங்களைவிடப் பயிற்சி பெற்றவர்கள் எந்தப் பயிற்சி மையத்திலும் இல்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கு வீட்டில் யார் என்பதைக் கணவரும் அவருடைய உடன்பிறந்தவர்களும் சேர்ந்து முடிவு செய்யட்டும். படுத்திருப்பவர் அவர்களுடைய அம்மா. பகல் நேரத்துக்கு ஆள் வைக்கும் செலவைப் பிள்ளைகள் எல்லாரும் பங்கிடலாம். வாரம் ஒரு நாள் நாத்தனார் வந்து இருக்கலாம். இரவில் புரட்டிப் படுக்கவைப்பதும் மாற்றுத்துணி போடுவதும் மகனுக்குத் தகாத வேலை என்று உங்கள் வீட்டில் யாரேனும் சொன்னால், ஆஸ்பத்திரியில் ஆண் செவிலியர்களும் அதைச் செய்கிறார்கள் என்று சொல்லுங்கள். பக்கவாதத்துக்கு இயன்முறைப் பயிற்சி தொடர்ந்து கொடுத்தால் அவர் எழுந்து உட்காரும் அளவுக்காவது தேறக்கூடும். உங்கள் பளு குறைய அதுவும் ஒரு வழி என்பதால், அந்தச் செலவை வீண் என்று நினைக்க வேண்டாம்.

எனக்கு ஏழு மாதக் கைக்குழந்தை. வரும் சட்டமன்றத் தேர்தலுக்கு வாக்குச்சாவடிப் பணி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மறுக்க முடியுமா?
— ஒரு வாசகி, மீனாட்சிபுரம்

ஆசிரியர்களைக் கல்விக்குப் புறம்பான பணிக்கு அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொன்னாலும், தேர்தல், பத்தாண்டுக்கு ஒரு முறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் ஆகிய மூன்றுக்கும் விலக்கு அளித்திருக்கிறது. ஆகவே பொதுவாக மறுக்க இயலாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் வாக்குச்சாவடிப் பணியிலிருந்து விலக்களிக்கத் தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல்களில் இடமுண்டு. ஊழியர் விவரப் பட்டியல் பள்ளியிலிருந்து போகும்போதே குழந்தையின் வயதைக் குறிப்பிடும்படி தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். அதையும் மீறி உத்தரவு வந்தால், மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியருக்குக் குழந்தையின் பிறப்புச் சான்றை இணைத்து அன்றே விண்ணப்பியுங்கள். முதல் பயிற்சி வகுப்பு தொடங்கிய பிறகு பெயரை நீக்குவது கடினமாகிவிடும். நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள்.